கைப்பிடி இல்லாத கார்

பெட்ரோல் பங்க்கை நெருங்கும்போது கார் கடைசியாக ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. உருண்டு வந்த வேகத்திலேயே பம்ப் அருகே போய் நின்றது. உள்ளே இருந்தவன் தொப்பியைப் புருவம்வரை இறக்கிவிட்டுக்கொண்டான்.

கலிபோர்னியா பாலைவனத்து வெயில். கறுஞ்சிவப்பு நிற மெர்க்குரி கார். கூரையை அறுத்துத் தாழ்த்தி மறுபடி ஒட்டவைத்ததில், ஜன்னல் என்று மிஞ்சியிருந்தது ஒரு சாண் உயரச் சந்துதான். கதவுகளில் கைப்பிடி கிடையாது, உள்பக்கமும் கிடையாது. அவை இருந்த இடத்தில் ஈயம் வார்த்து, கண்ணாடிபோல் இழைத்திருந்தார்கள். பட்டனை அழுத்தினால் கதவு தானாகத் திறக்கும். பேட்டரியில் உயிர் இருந்தால்.

அவன் பட்டனை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சாலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். யாரையும் கூப்பிடவில்லை.

பங்க்கை நடத்தும் இர்மா துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, குனிந்து சந்து வழியே பார்த்தாள்.

"அட, டட்டில் வண்டியாச்சே இது! ஊரெல்லாம் இதே பேச்சு. ஆளைத்தான் பாத்ததில்ல. நீங்கதானா வெர்னன் டட்டில்?"

உள்ளே இருந்தவன் யோசித்தான். யோசனை நீண்டுகொண்டே போனது.

"இல்ல" என்றான்.

இர்மா நிமிர்ந்தாள். "வால்டர்! கேக்கை அப்புறம் தின்னலாம், ஓடி வா!"

போலீஸ்காரர் வால்டர் வாயைத் துடைத்தபடி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"டட்டில் இல்லைன்னா நீ யாரு?"

"லெஸ்டர் ப்ரூயிட்."

"டட்டில்கிட்ட கேட்டுத்தான் வண்டிய எடுத்தியா?"

"கேக்கல."

"இறங்குடா கீழ."

"முடியல."

வால்டருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். "என் சர்வீஸ் முழுக்கத் திருடனைத் துரத்தி ஓடியிருக்கேன் இர்மா. பார்சல் கட்டி வாசல்லயே கொண்டாந்து குடுத்தது இவன்தான்!"

"சிரிச்சது போதும். சனிக்கிழமை இன்னிக்கு. தூசி ராஜாக்கள் கிளப் மொத்தமும் ரேஸ் விடறதுக்கு இந்த வழியாத்தான் வறண்ட ஏரிக்குப் போகும். கூட்டாளி வண்டிய எடுத்தவனைக் கண்டா சும்மா விடுவானுங்களா?"

உள்ளே இருந்தவன் நெளிந்தான்.

"சொந்த ஆளையே விடலையே! போன வருஷம் க்ளைட் பர்டிக் இப்படித்தான் பேட்டரி செத்து உள்ள மாட்டிக்கிட்டான். இழுத்து வெளிய போட்டுட்டு, அவன் கதவுல பழைய ஃப்ரிட்ஜ் கைப்பிடியை வச்சு முடுக்கிட்டானுங்க. ஒரு வருஷம் கழட்டக் கூடாதாம். கல்யாணத்துக்கே அந்தக் கைப்பிடியோடதான் வந்து இறங்கினான் பாவம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே இந்த டட்டில்தானாம். போல்ட்டைக்கூடத் தன் கையாலயே முடுக்கினானாம்."

"ஆபீசர்," உள்ளிருந்து குரல் வந்தது, "என்னைச் சீக்கிரம் கைது பண்ணுங்க."

"என்னப்பா அவசரம்? அவங்களும் வந்து பாக்கட்டுமே."

"உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

வால்டர் கடப்பாரையைக் கொண்டுவந்து கதவிடுக்கில் வைத்தார்.

"ஐயோ, பெயின்ட்! பெயின்ட்!"

"திருடனுக்கு வந்த அக்கறையைப் பாரு."

"கீறல் விழுந்தா விலை போகாதுங்க. பின்னாடி பம்பருக்கு அடியில, இடது பக்கம், சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி ஒண்ணு தொங்கும். அதை இழுங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தொழில்னு வந்துட்டா இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கணும்ல."

இர்மா படுத்துக் கையை விட்டு இழுத்தாள். டக்கென்று கதவு திறந்தது. "கேபிளே கிடையாது, எல்லாமே கரண்டுன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சானாமே அந்த டட்டில்! சரியான புளுகன்!" என்றாள் மண்ணைத் தட்டிக்கொண்டே.

வியர்வையில் குளித்திருந்தவன் இறங்கினான். தொலைவில் புழுதி கிளம்பியது. என்ஜின்களின் உறுமல் கேட்டது. வால்டர் விலங்கைத் தேடி எடுப்பதற்குள் அவனே ஓடிப்போய் போலீஸ் காரின் பின்கதவைத் திறந்து, சீட்டுக்குக் கீழே தரையோடு தரையாகப் படுத்துவிட்டான்.

வால்டர் வண்டியைக் கிளப்பும்போது தூசி ராஜாக்கள் மெர்க்குரியைச் சூழ்ந்துவிட்டார்கள். இர்மா கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னாள்.

"வெர்னன் வண்டியவா? எந்த நாய்டா அவன்?" க்ளைட் பர்டிக்கின் குரல் தெளிவாகக் கேட்டது. "பாவம்டா வெர்னன், மனசு ஒடிஞ்சு போயிடுவான்!"

படுத்திருந்தவன் முகத்தைக் கால்மிதியில் அழுத்திக்கொண்டான்.

ஸ்டேஷனுக்குப் போனதும் வால்டர் டட்டில் வீட்டுக்கு ஃபோன் போட்டார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க" என்றான் கம்பிக்குப் பின்னால் இருந்தவன்.

"நோட்டம் பாத்துட்டுத்தானே கை வச்சிருப்ப! ஆனா ஒண்ணு, திங்கக்கிழமைக்குள்ள சொந்தக்காரன் வந்து புகார் குடுக்கலைன்னா உன்னை விட்டுட வேண்டியதுதான். யோகக்காரன்டா நீ."

அவன் தலையாட்டினான். வால்டர் மறுபடி எண்ணைச் சுழற்றினார். அங்கே ஆளில்லாத வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இங்கே வெர்னன் டட்டில் பெஞ்சில் காலை நீட்டிப் படுத்து, ஃப்ரிட்ஜ் கைப்பிடி ஏறாத தன் கார் கதவை ஒருமுறை மனதுக்குள் தடவிப் பார்த்துவிட்டு, நிம்மதியாகக் கண்களை மூடினான்.