ஜெட்டி கடை போன்

"மேடம், ஃபெர்ரி இன்னும் பாம்பூஃப்ளாட்டை விட்டே கிளம்பல. மொபைல்ல நெட்வொர்க் இல்ல, இங்க படகுத்துறையில, ஜெட்டி கடை போன்லேருந்து பேசுறேன்," என்றான் சுதாகர்.

அதிகாரி மரகதம் கோபப்படவில்லை. "கோயி பாத் நஹி, பரவாயில்ல. நேத்து ஆபீஸ் போனையெல்லாம் கம்ப்யூட்டரோட இணைச்சீங்கல்ல, அதப் பார்க்க டைரக்டர் சார் வந்திருக்கார். உங்களப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன்."

"ஃபெர்ரி கிளம்பினதும் வந்துடறேன் மேடம்."

"அவசரமில்ல. சாரும் நானும் ஸ்கிரீனத்தான் பாத்துட்டிருக்கோம். டீயைக் குடிச்சு முடிச்சுட்டே மாடிக்கு வாங்க."

சுதாகருக்கு முகம் சுட்டது. டீ கிளாஸைக் கீழே வைத்தான். ஆபீஸில் எந்தப் போனிலிருந்து பேசினாலும் அதன் பெயர் மேடத்தின் திரையில் தெரியும்படி பதிந்து வைத்தவனே அவன்தான்.

கையிலிருந்த போனுக்கு அவன் வைத்திருந்த பெயர், 'கேன்டீன்'.