தட்டாத கை

தனேஸ்வரி கீழே விழுந்தபோது யாரும் சத்தம் போடவில்லை.

கோல சிலாங்கூரில், கடை வரிசை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்தச் சண்டைப் பயிற்சிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை காலை. சுற்றி நின்ற பிள்ளைகளில் பாதிப் பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

அவளைத் தூக்கிப் போட்டவள் நித்தியா. இருபதைத் தாண்டிய பெண். கூண்டுக்குள் இறங்கி நிஜமாகவே அடித்து, உருண்டு, நெரித்துச் சண்டையிடும் போட்டிகளுக்குத் தயாராகிக்கொண்டிருப்பவள்.

தனேஸ்வரிக்கு நாற்பதுக்கு மேல். சீனப் பள்ளியில் படித்த காலத்தில், சுங்கை செம்பிலாங் மீனவர் கிராமத்து மண்டபத்தில் குங்ஃபூ கற்கத் தொடங்கியவள். வெள்ளைக்கொக்குப் பாணி. கற்றுக்கொடுத்த சிஃபு ஈப்போவில் உள்ள மகள் வீட்டோடு போய்விட்டார். கூடக் கற்றவர்கள் கல்யாணம், வேலை என்று கலைந்துபோனார்கள். மண்டபத்தில் இப்போது பூப்பந்து ஆடுகிறார்கள்.

அவள் மட்டும் விடவில்லை. எண்ணெய் ஆலையில் எடைமேடை வேலைக்குக் கிளம்புமுன், தோட்டத்து வீட்டின் பின்னால் நின்று எல்லா அசைவுகளையும் செய்து முடிப்பாள். எதிரே ஆள் இல்லாமல்.

சீனக் கோயில் விழாவில் அவள் செய்து காட்டியதை யாரோ படமெடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். இது சண்டை இல்லை, டான்ஸ் என்று இந்தக் கூடத்துப் பிள்ளை ஒருவன் அதன் கீழே எழுதிவிட்டான். கூடத்தை நடத்தும் கைருதீன் அவளுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டான். கேட்டுவிட்டு, மரியாதையாகவே, ஒரு நாள் வந்து நித்தியாவோடு மோதிப் பாருங்களேன் என்றான்.

வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டாள். கற்ற கலையின் பெயரைக் காப்பாற்றத்தான் போகிறோம் என்று அவளும் நினைத்தாள்.

தொடக்கம் அவளுடையதாகத்தான் இருந்தது. நித்தியாவின் முதல் குத்துக்கு லேசாக நகர்ந்தாள். குத்து காற்றில் போனது. அதே நொடியில் அவள் உள்ளங்கை நித்தியாவின் தாடைக்குப் போனது. போய், நூலளவு தள்ளி நின்றுவிட்டது.

மண்டபத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். படாமல் நிறுத்தத் தெரிந்தால்தான் அங்கே தேர்ச்சி. அத்தனை வருஷத்தில் அவள் யாரையும் அடித்ததில்லை. அவள் மேலும் யார் கையும் பட்டதில்லை.

நித்தியாவுக்கு நிறுத்தவெல்லாம் தெரியாது. குனிந்து வந்து, இடுப்போடு சேர்த்துப் பிடித்து, தூக்கி மெத்தையில் போட்டாள்.

இப்போது அவளுடைய பாரம் முழுக்கத் தனேஸ்வரியின் நெஞ்சின் மேல் இருந்தது. ஒரு கை கழுத்துக்கு அடியில் சுற்றி வந்திருந்தது. கன்னத்தோடு கன்னம் ஒட்டியிருந்தது. வியர்வையும் தைலமும் மணத்தன. அந்தப் பெண்ணின் இதயம் இவள் விலா எலும்பில் இடித்தது.

பிடி இறுகியது.

முடியாவிட்டால் கையால் தட்ட வேண்டும். மெத்தையிலோ, மேலே இருப்பவர் முதுகிலோ தட்டினால் போதும், விட்டுவிடுவார்கள். மெத்தையில் ஏறுமுன்பே கைருதீன் அதை நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

தனேஸ்வரியின் வலது கை விடுபட்டுத்தான் இருந்தது. அது மெல்ல எழுந்தது. நித்தியாவின் முதுகில் போய்ப் படிந்தது.

தட்டவில்லை. அங்கேயே இருந்தது.

"அக்கா, தட்டுங்க லா" என்றாள் நித்தியா, காதுக்குள்.

கை அசையவில்லை. கண்ணோரங்கள் இருட்டிக்கொண்டு வந்தன. கைருதீன் பாய்ந்து வந்து பிடியைப் பிரித்துவிட்டான்.

நித்தியா விலகியதும் ஏர்கோன் குளிர் தனேஸ்வரியின் நெஞ்சில் இறங்கியது. எழுந்து உட்கார்ந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதிருந்தாள்.

நித்தியா பயந்துபோனாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்டாள். இவள் தலையை ஆட்டி இல்லை என்றாள்.

கைருதீன் எழுந்து நின்றான். பழைய முறையில் கற்றவர்கள் மூச்சு போனாலும் தட்டமாட்டார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று தன் பிள்ளைகளிடம் சொன்னான். ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். டான்ஸ் என்று எழுதியவன் முன்னால் வந்து தலைகுனிந்து நின்றான்.

தனேஸ்வரி எதையும் மறுக்கவில்லை. முஷ்டியை உள்ளங்கையில் வைத்து எல்லோரையும் வணங்கினாள்.

வாசலில் காலணியை மாட்டும்போது நித்தியாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த ஞாயிறும் நீ இருப்பியா?"

பதிலடி கொடுக்க வருகிறாள் என்று நித்தியா நினைத்துக்கொண்டாள். சிரித்தபடி, கட்டாயம் இருப்பேன் என்றாள்.

தனேஸ்வரியின் அம்மா இறந்தது கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டு நாட்களில். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். உடலைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். இடுகாட்டில் வந்தவர்களைத் தள்ளித் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கெர்லிங்கிலிருந்து வந்திருந்த சின்னம்மா விஜயராணி, காரின் பக்கத்தில் நின்றபடியே இவளைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தாள். விரித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மடக்கிக்கொண்டாள்.

கட்டுப்பாடு நீங்கியதும் சின்னம்மா வீட்டுக்கு வந்தாள். முறுக்கு சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். சாயங்காலம்வரை உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் பேசிவிட்டு, கேட்டருகே நின்று கையசைத்துவிட்டுப் போனாள்.

கட்டிப்பிடிக்க அவளுக்கு நினைவு வரவில்லை. தனேஸ்வரியும் கேட்கவில்லை. கேட்டு வாங்கிக்கொள்கிற விஷயமா அது.