ரெண்டு அம்பு

“ஒரு அம்பு போட்டா பெட்டி திறக்கும், ரெண்டு அம்பு போட்டாத்தான் உள்ள இருக்கிற எழுத்து வரும்னு நீதானப்பா சொன்னே? அப்புறம் ஏன் ஆளே இல்லன்னு வருது?”

“ரெண்டு அம்புதான் சார் போட்டிருக்கேன்” என்றான் ஜோஷ்வா.

சேலையூரில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. முதலாளி ஜீவானந்தம் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று கொதித்துக்கொண்டிருந்தார். பேட்மின்டன் கிளப் ஓனர் பல்லாவரம் தாண்டிவிட்டாராம். வந்ததும் மெம்பர்களைப் பேர் சொல்லித் தேடிக் காட்ட வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் கான்ட்ராக்ட் அம்பேல்.

கிளப்பின் டேட்டாபேஸில் மெம்பருக்கு ஒரு கட்டம். அதற்குள் பெட்டிக்குள் பெட்டியாக, ஜேசான் என்ற வடிவில் விவரங்கள். தேடும் கட்டளையான குவெரியில் அம்புக்குறி போட்டு ‘பேர்’ என்ற பெட்டியைத் திறந்தால் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். சோதனைக்கு ஜீவானந்தம் தன் மகளையே தேடச் சொல்லியிருந்தார். ஃபர்ஸ்ட் ஜீவிதா, லாஸ்ட் ஜீவானந்தம். நம் ஊரில் இனிஷியலை விரித்தால் அதுதானே லாஸ்ட் நேம்?

“தினமும் அங்கதான் ஆடப் போறா. மெம்பர் இல்லாமலா உள்ள விடுறான்?”

ஜோஷ்வா நெற்றியைத் துடைத்துக்கொண்டான். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“வேற யாரையாவது தேடலாமே சார்... நம்ம ஆபீஸ் ஷீலா மேடம்கூட மெம்பர்தான்.”

“ஏன், என் பொண்ணுக்கு இன்னா குறைச்சல்?”

ஜீவானந்தம் மேஜையைத் தட்டினார். எவ்வளவு நம்பியிருந்தார் இவனை! வீட்டில் வைஃபை மக்கர் பண்ணினால்கூட இவனைத்தான் அனுப்புவார். அதுவும் வாரம் தவறாமல் மக்கர் பண்ணும்.

“இது வரலேன்னா நாளையிலேர்ந்து நீ வராதே. தள்ளு! லாஸ்ட் நேமைத் தூக்கிட்டு ஜீவிதான்னு மட்டும் தேடுறேன். எவனாவது என் பேரைத் தப்பா அடிச்சிருப்பான்.”

“வேணாம் சார்!”

அதற்குள் என்டரைத் தட்டிவிட்டார். ஒரே ஒரு ஆள் வந்தது. போன் நம்பர் மகளுடையதேதான். ஃபர்ஸ்ட்: ஜீவிதா. லாஸ்ட்: ஜோஷ்வா.

“டேய்! டெஸ்ட் பண்றேன்னு உன் பேரை ஏண்டா இங்க ஏத்தி வெச்சிருக்கே? டேட்டாவே தப்பா இருந்தா குவெரி எப்படிடா வேலை செய்யும்?”

ஜோஷ்வா எழுந்து கைகட்டி நின்றான்.

“குவெரி கரெக்ட்தான்... டேட்டாவும் கரெக்ட்தான், மாமா!”