கடைக்கு வந்த லிஸ்பன்

செஞ்சிக் கடைத்தெருவில் மாலை வெயில் சாய்கிறது. பழைய காகிதக் கட்டோடு வந்த லிஸ்பன் நகரச் சுற்றுலா வழிகாட்டியிலிருந்து, மிளகாய் மடிக்க ஒரு தாளைக் கிழிக்கப் போகிறார் மளிகைக்கடை பூவராகவன். "ஏங்க, இருங்க!" என்று கையைப் பிடிக்கிறாள் மனைவி மனோரமா. படத்தில் செங்குத்தான தெருவில் மஞ்சள் டிராம் ஏறுகிறது; மலைமேல் கோட்டை, அடிவாரத்தில் கப்பல்கள். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு கோட்டைச் சுவரை மெல்லத் தடவுகிறாள். "நம்ம ராஜகிரிக் கோட்டை மாதிரியே இருக்குது. ஆனா கீழ பாருங்க, எவ்ளோ தண்ணி!" அவள் முகம் இப்படி மலர்ந்து அவர் பார்த்ததே இல்லை. "மிளகாய் இன்னா ஆச்சு?" என்கிறார் வாசலில் நிற்கும் துரைக்கண்ணு. "செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு, பூவராகவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனைவி பக்கம் நகர்ந்து உட்கார்கிறார். "திருப்பு, அடுத்தது இன்னான்னு பாக்கலாம்."