பெட்டிக்குச் சொன்ன கதை

"இஞ்ச பாருங்க டொக்டர் தம்பி, என்ட மருமகன் கிணத்தில தண்ணி அள்ளித் தாறாரு. இப்பிடி ஒரு புள்ள ஆருக்குக் கிடைக்கும்?"

ஆச்சிப்பிள்ளை குனிந்து, இடுப்பில் கட்டியிருந்த பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

அடுப்படியில் நின்ற மகள் புஸ்பத்துக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கலியாணம் கட்டி நாலு வருசத்தில் அம்மாவின் வாயிலிருந்து மருமகனுக்கு ஒரு நல்ல சொல் வந்ததுண்டா?

எல்லாம் அந்தப் பெட்டி செய்த வேலை. ஆச்சிப்பிள்ளைக்கு அடிக்கடி நெஞ்சு படபடப்பு. அன்று காலை ஆஸ்பத்திரியில், கொழும்பிலிருந்து வந்த டொக்டர் நெஞ்சில் வயர் ஒட்டிப் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டு, "நாளைக்குக் காலை வரைக்கும் கழட்டப்படாது. நெஞ்சு எப்பிடி அடிக்குதெண்டு இதுக்குள்ள பதியும்" என்றார். பெட்டிக்குள் ஒரு கசற் நாடா சுற்றியது.

கசற்றுக்கும் ஆச்சிப்பிள்ளைக்கும் பழக்கம் உண்டு. சவூதியில் இருக்கும் மகனுக்கு அவள் கடிதம் எழுதுவதில்லை. பேசிக் கசற்றில் பிடித்து அனுப்புவதுதான்.

'இதையும் டொக்டர் போட்டுக் கேப்பாரெண்டு நினைச்சிட்டா' என்று புஸ்பம் கணக்குப் போட்டாள். 'ஊரான் கேட்டால் மட்டும் மருமகன் தங்கம்! என்ன வேசம்!'

ஆனாலும் பெட்டியில் பேச்சுப் பதியாது என்ற உண்மையைச் சொல்லப் போகவில்லை. சொன்னால் ஊறுகிற தேனும் நின்றுவிடும். அவளுக்கு இப்போது அந்தத் தேன் தேவை.

அவள் புருசன் வினாயகமூர்த்தியின் பை அறைக்குள் கட்டியபடி இருந்தது. வாவியில் தோணி இறக்க ஆமி தடை போட்டதிலிருந்து அவனுக்குத் தொழில் இல்லை.

"மாமி என்னைச் சும்மா இருந்து தின்னுறவன் எண்டு நினைக்கிறா புள்ள. நாளைக்கே கொழும்புக்குப் போறன்."

வழியில் தமிழ்ப் பெடியன்களை ஆமி பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோகிற காலம். புஸ்பம் அழுது பார்த்தாள். பிள்ளையை அவன் மடியில் போட்டுப் பார்த்தாள். அவன் மசியவில்லை.

மாமி ஒரு வார்த்தை சொன்னால் நிற்பான். ஆனால் மாமி மருமகனோடு முகம் பார்த்துப் பேசுவது அந்தப் பக்கத்தில் ஏது? சோறு வேணுமா என்பதைக்கூட ஆச்சிப்பிள்ளை கதவைப் பார்த்துத்தான் கேட்பாள். அவனும் கதவுக்குத்தான் பதில் சொல்வான்.

பின்னேரம் முற்றத்தில் அவன் வேலி கட்டிக்கொண்டிருந்தான். உள்ளே பாயில் இருந்த ஆச்சிப்பிள்ளையின் குரல் திடீரென்று உயர்ந்தது.

"டொக்டர் தம்பி, நெஞ்சு ஏன் படபடக்குதெண்டு நீங்க மெனக்கெட்டுத் தேட வேணாம். நான் சொல்றன். காலையில வீட்ட வரக்குள்ள, கல்லடிப் பாலத்துச் சென்றியில மறிச்சு, இந்த வயரக் கண்டு குண்டெண்டு நினைச்சு ஆமிக்காரன் துவக்க நீட்டினான். அப்ப ரெண்டு கையையும் உயத்திக்கிட்டு எனக்கு முன்னால வந்து நிண்டவரு என்ட மருமகன். மறுகா நீங்க எழுதித் தந்த துண்டக் காட்டித்தான் தப்பி வந்தம். பெத்த மகனும் அப்பிடி நிண்டிருப்பானோ, தெரியா."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"அந்தப் புள்ள விடிஞ்சா கொழும்பு பஸ் ஏறப் போகுதாம். மீன் இல்லாட்டி என்ன, கீரை தின்னுவம். அவரு போனாரெண்டா உங்கட பெட்டியில பதியிறதுக்கு ஒண்டும் இருக்காது. சொல்லிப்போட்டன்!"

வேலி கட்டிய கை நின்றது.

வினாயகமூர்த்தி வாசலுக்கு வந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு கதவைப் பார்த்தான்.

"நாளைக்குப் பெட்டி குடுக்கப் போகக்குள்ள நானும் வாறன். சென்றியில ஒரு ஆள் வேணுந்தானே. கொழும்பு எங்கயும் ஓடிப்போகாது."

"ஓம்" என்றாள் ஆச்சிப்பிள்ளை, கதவிடம்.

அன்றைக்கே புஸ்பம் பையை அவிழ்த்து, சாரங்களைக் கொடியில் போட்டுவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஸஹீதா வயர்களைக் கழற்றி எடுத்தாள். ஆச்சிப்பிள்ளை சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனதும், புஸ்பம் பெட்டியைக் காட்டிச் சிரித்தாள்.

"மிஸ்ஸி, எங்கட அம்மா பாவம். இது கதையும் பிடிக்குமெண்டு நினைச்சு, நேத்து முழுக்க டொக்டரோட கதைச்சிக்கிட்டே இருந்தா. நானும் சொல்லாம விட்டுட்டன்."

ஸஹீதாவின் கை அப்படியே நின்றது.

"என்னகா சொல்றீங்க? நேத்து நீங்க பிள்ளையோட வெளிய நிக்கக்குள்ள, 'இது கதை பிடிக்குமா மகள்?' எண்டு என்னட்டக் கேட்டாவே! பிடிக்காதும்மா, நெஞ்சடிக்கிறது மட்டுந்தான் எண்டு சொன்னன்."

"அதுக்கு அம்மா என்ன சொன்னா?"

"'நல்லதாப் போச்சு. ஆனா எங்கட வீட்டு ஆக்களுக்கு இதச் சொல்லிராதீங்க' எண்டு சொன்னா."