சாம்பிள் பொட்டலம்

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"பிரஷர் மாத்திரை ஒண்ணுதான் டாக்டர்" என்றேன். சத்தியமாகப் பொய் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் தேவராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை பார்க்கிறவர். காலையில் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். கூட வேலை செய்யும் தமிழரசுதான் ஆட்டோவில் போட்டு கிளினிக்கில் சேர்த்துவிட்டு எனக்கு போன் செய்தான். திருநின்றவூரிலிருந்து ரயில் பிடித்து ஓடி வந்தேன்.

மார்பெல்லாம் ஒயரோடு படுத்திருந்தார். நாடி நூற்று முப்பதாம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. படபடப்பு தமிழரசுவுக்கு அல்லவா?

நான் மூலிகை எனர்ஜி பவுடர் விற்கிறேன். தினமும் காலையில் காலண்டரில் தேதி கிழித்ததும், அந்தத் தாளிலேயே ஒரு ஸ்பூன் மடித்து இவர் சட்டைப் பையில் வைத்துவிடுவேன். தமிழரசுவுக்கான சாம்பிள். ஒரு மாதம் சாப்பிட்டு அவன் தெம்பாகிவிட்டால் பட்டறையே டப்பா டப்பாவாக வாங்கும் என்று எனக்கு ஆசை.

சாயந்திரம் இவர் செருப்பைக் கழற்றுவதற்குள், தமிழரசு என்ன சொன்னான் என்று கேட்டுவிடுவேன்.

"ராவெல்லாம் தூக்கம் வர்லயாம்" என்றார் ஒருநாள். கழிவு வெளியே போகிறது, ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று அவனிடம் சொல்லச் சொன்னேன்.

அப்புறம் நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம் என்றார். பிரஷர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்கவும் என்று டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. சின்னப் பையன், தமிழரசுவுக்கு ஏது பிரஷர்? உடம்பு ஏற்றுக்கொள்கிறது என்று நானே முடிவு செய்து, போன திங்கட்கிழமையிலிருந்து இரண்டு ஸ்பூனாக்கினேன்.

அந்தத் தமிழரசு இப்போது என் எதிரில் கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறான்.

"உனக்குப் படபடப்பு எப்படிப்பா கீது?" என்றேன்.

"எனக்கா? எனக்கு இன்னா அண்ணி, நான் நல்லாத்தான கீறேன்."

பொடியைப் பற்றிக் கேட்டேன். எந்தப் பொடி என்றான்.

நர்ஸ் இவர் சட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பைக்குள் கையை விட்டேன். காலையில் நான் கிழித்த அதே தேதித் தாள். மடிப்பில் கொஞ்சம் பச்சைத் தூள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"அவன்கிட்ட குடுக்கக் கூச்சமா இருந்துச்சு கஸ்தூரி. நீ ஆசையா மட்ச்சித் தர்றே, கொட்டவும் மனசு வர்ல."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட ஆத்திரம். ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது, இவரையா என்னையா என்று தெரியவில்லை.

தாளை டாக்டரின் மேஜையில் விரித்து வைத்தேன். எனர்ஜி பவுடர், மூலிகைதானே, மருந்தில் சேர்த்தி இல்லை என்று நினைத்ததாகச் சொன்னேன். மூன்று வாரமாக. முதலில் ஒரு ஸ்பூன், இப்போது இரண்டு.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பிரஷர்காரர் தொடவே கூடாத பொடியை இரண்டு ஸ்பூன் சாப்பிடச் சொன்ன புத்திசாலி யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"தமிழரசு" என்றார்.

தமிழரசு என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான்.