பதில் போடாதே

"பிரீடா! கையும் களவுமா மாட்டினியா?"

கடலோர நிலத்தில் மண்டியிட்டு மூவிலைச் செடி பறித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பிரீடா திடுக்கிட்டு எழுந்தாள். கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

"டோனல் அண்ணே... ஒரே ஒரு பிடிதான்."

"வருஷாவருஷம் மார்ச் மாசம் வேலியில புகுந்த தடம் இருக்கும். நரின்னு நெனச்சேன். இவ்வளவு பெரிய நரியா!"

"புனித பாட்ரிக் திருநாளுக்குப் பத்து நாள்தான் இருக்கு. இன்னைக்கே தபால்ல போட்டாத்தான் போய்ச் சேரும்."

"உன் வீட்டு வாசல்லயே முளைச்சுக் கிடக்கே?"

"இந்த நிலத்துல முளைச்சதுதான் வேணும்."

"ஏன், இதுல மட்டும் நாலு இலையா? உன் சொந்தக்காரனுக்கு அனுப்ப என் நிலம்தான் கெடச்சுதா?"

அவள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். டோனல் பெட்டியைப் பிடுங்கிக் கவிழ்த்து, பூட்ஸ் காலால் தேய்த்தார்.

இதே நிலத்துக்காகக் கூடப்பிறந்த தம்பி பின்டனையே விரட்டியவர் அவர். அப்பாவைப் புதைத்த அன்றே பாதி கேட்டான். பாஸ்டனுக்குக் கப்பலேறி இருபத்திரண்டு வருஷம். ஒரு கடுதாசி கிடையாது.

மறுநாளே ஆடுகளை அந்த நிலத்துக்குள் ஓட்டிவிட்டார். இனி எதைத் திருடுவாள், பார்ப்போம்.

திருநாள் அன்று கோயிலில் எல்லோர் சட்டையிலும் மூவிலை.

"மூணு இலை, ஒரே காம்பு. கடவுள் மூவரானாலும் ஒருவர்னு பாட்ரிக் இதைக் காட்டித்தான் நமக்குப் புரிய வெச்சார்னு சொல்லுவாங்க. அவர் செத்த நாளைத்தான் நாம கொண்டாடுறோம்" என்றார் பாதிரியார்.

பிரீடா மட்டும் எதையும் குத்திக்கொள்ளாமல் வந்திருந்தாள். டோனலுக்கு அதில் ஒரு திருப்தி.

மத்தியானம் மதுக்கடையில் கடைசிக் கோப்பை விஸ்கி. வழக்கப்படி சட்டையிலிருந்த மூவிலையை அதில் மூழ்கடித்துக் குடிக்கப் போனார்.

"டோனல், உனக்கு போன். பாஸ்டன்லேருந்து" என்றார் கடைக்காரர்.

"பெரியப்பா, நான் ஊனா. பின்டனோட பொண்ணு. அப்பா இன்னைக்குக் காலையில போயிட்டார்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்? இத்தனை வருஷத்துல ஒரு வரி எழுதாதவன்."

"நீங்கதானே எழுத வேணாம்னீங்க? வருஷாவருஷம் நீங்க அனுப்புற மூவிலைப் பெட்டியில சீட்டு இருக்குமே. 'நம்ம நிலத்துல பறிச்சது. பதில் போடாதே. இப்படிக்கு அண்ணன்.' 'இன்னும் வீம்பு குறையல பாரு'ன்னு அப்பா சிரிச்சுக்கிட்டே சட்டையில குத்திக்குவார்."

டோனல் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்த வருஷம் பெட்டி வரல, பெரியப்பா. 'அண்ணனுக்கு உடம்புக்கு என்னமோ'ன்னு கடைசிவரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்தார். கல்லறையில வைக்கவாவது ஒரு பிடி அனுப்புவீங்களா?"

அன்று மாலை, பிரீடா மண்டியிட்டிருந்த அதே இடத்தில் டோனல் மண்டியிட்டு இரண்டு கையாலும் துழாவிக்கொண்டிருந்தார்.

ஆடுகள் ஓர் இலையைக்கூட விட்டுவைக்கவில்லை.